இடுப்பின் அடியில் ஒரு வலி: திருவெலும்பு மூட்டை அறிந்துகொள்வோம்

கீழ்முதுகில் வலி என்று மருத்துவமனைக்கு வருவோரில் பலர், தங்கள் நோய்க்குத் தாங்களே ஒரு பெயரையும் சூட்டிக்கொண்டு வருகின்றனர். சிலர் 'வாயுப்பிடிப்பு' என்பர். சிலர் 'டிஸ்க் விலகிவிட்டது' என்பர். கால்வரை வலி பரவினால் 'சயாடிக்கா' என்று முடிவு செய்துவிடுவர். இவற்றுள் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், நீடித்த கீழ்முதுகுவலி உடைய 100 பேரை முறையாகப் பரிசோதித்தால், ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு வலியின் பிறப்பிடம் முதுகெலும்பின் தட்டு அன்று; அதற்குக் கீழே, முதுகும் இடுப்பும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு மூட்டே என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதன் பெயர் சேக்ரோஇலியாக் மூட்டு. இக்கட்டுரையில் அதனைத் திருவெலும்பு மூட்டு என்றே குறிப்பிடுவோம்.

இந்த மூட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, தேவையற்ற அச்சத்தையும் தேவையற்ற சிகிச்சையையும் தவிர்க்கலாம். இரண்டாவது, இவ்வலிக்குப் பின்னால் எப்போதாவது மறைந்திருக்கும் தீவிர நோய்களைக் காலம் தாழ்த்தாமல் கண்டறியலாம்.

மூட்டின் அமைப்பும் பணியும்

முதுகெலும்புத் தொடரின் அடிப்பகுதியில் ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்து, தலைகீழாக வைத்த முக்கோணம் போன்ற ஓர் எலும்பாகின்றன. அதுவே திருவெலும்பு. அதன் இருபுறமும் இடுப்பின் அகன்ற எலும்புகள் பொருந்துகின்றன. இப்பொருத்துகள் இரண்டும், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, திருவெலும்பு மூட்டுகள் எனப்படும்.

தோள்மூட்டையும் முழங்காலையும் போல இது தாராளமாக அசையும் மூட்டன்று. இதன் அசைவு சில டிகிரிகளுக்கும் ஓரிரு மில்லிமீட்டருக்கும் உட்பட்டதே. உடலின் மேற்பாதி எடையைக் கால்களுக்குக் கடத்துவதும், நடக்கும்போதும் படியேறும்போதும் கீழிருந்து வரும் அதிர்ச்சியை உள்வாங்குவதும் இதன் பணிகள். இப்பெரும் சுமையைத் தாங்குவதற்காகவே, உடலின் மிக வலிமையான தசைநார்களுள் சில இம்மூட்டைச் சுற்றிப் பிணைத்துள்ளன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். 'எலும்பு நழுவிவிட்டது, இழுத்து உட்கார வைக்க வேண்டும்' என்று கூறப்படுவது உண்மைக்குப் புறம்பானது. பெரிய விபத்து நேர்ந்தாலன்றி இம்மூட்டு இடம்பெயர்வதில்லை. வலிக்குக் காரணம் மூட்டின் எரிச்சலோ, தசைநார்களின் அயர்ச்சியோ, சுற்றியுள்ள தசைகளின் வலுவின்மையோ, அழற்சியோ ஆகும். சுளுக்கு எடுப்பதாகக் கூறி வேகமாகத் திருகுவதும் மிதிப்பதும், எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு முறிவையே உண்டாக்கக்கூடும்.

மறக்கப்பட்டு மீண்டும் நினைவுக்கு வந்த மூட்டு

1905ஆம் ஆண்டிலேயே கோல்டுத்வெயிட், ஆஸ்குட் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், கீழ்முதுகுவலிக்கு இம்மூட்டு காரணமாகலாம் என எழுதினர். பின்னர் 1934இல் மிக்ஸ்டர், பார் ஆகியோர், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினர். அது முதற்கொண்டு மருத்துவ உலகின் கவனம் தட்டின் பக்கம் திரும்பியது. திருவெலும்பு மூட்டு பல்லாண்டுகள் பின்தள்ளப்பட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் தட்டுப் பிதுக்கம் தெரிந்துவிட்டால் 'வலிக்கு அதுவே காரணம்' என்று எண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. ஆனால், வலியே இல்லாத நடுத்தர வயதினர் பலரின் படங்களிலும் தட்டுத் தேய்மானம் காணப்படுகிறது. எனவே, படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. நோயாளி சொல்வதும், கையால் பரிசோதிப்பதும், படமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

யாருக்கு வருகிறது?

கீழே விழுந்து பிட்டம் தரையில் மோதியவர்களுக்கும், இருசக்கர வாகன விபத்துக்கு உள்ளானவர்களுக்கும் இது வரலாம். இரு கால்களின் நீளம் வேறுபட்டவர்களுக்கும், முழங்கால் வலியால் நெடுநாள் ஒருபுறம் சாய்ந்து நடந்தவர்களுக்கும் மூட்டின் மீது சமமற்ற சுமை விழுகிறது. கீழ்முதுகெலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் இவ்வலி தோன்றக்கூடும். மேலே அசைவு நின்றுவிட்டதால், கீழேயுள்ள மூட்டு கூடுதல் பாரத்தை ஏற்கிறது.

கருவுற்ற பெண்கள் தனிக் கவனத்திற்குரியவர்கள். பேறுகாலத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் இயக்குநீர்கள் இடுப்பின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றின் எடையும் கூடுகிறது. கருவுற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி உண்டாகிறது. மிகப் பெரும்பாலோருக்குப் பேறு முடிந்த சில மாதங்களில் அது தணிந்துவிடும். 'பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புவலி இல்லாமலா இருக்கும்' என்று கூறி வீட்டார் அதனைப் புறக்கணிப்பதே பெரிய தீங்கு. மூன்று மாதங்களுக்கு மேல் வலி நீடித்தால் கட்டாயம் பரிசோதனை தேவை.

நீண்டநேரம் நின்றே வேலை செய்வோர் மற்றொரு பிரிவினர். தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் ஆண்களும் பெண்களும் நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பது நாமறிந்ததே. ஒரே காலில் எடையைச் சாய்த்து மணிக்கணக்கில் நிற்பது, ஏற்கெனவே எரிச்சலுற்ற மூட்டின் வலியை மிகுவிக்கும். இத்தகையோர் ஒரு செய்தியை அறிந்திருத்தல் நலம். கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, தமிழ்நாடு அரசும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி, ஊழியர்கள் பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தருவது கடை உரிமையாளரின் கடமை. வலியுள்ள ஊழியர் இருக்கை கேட்பது சலுகை கேட்பதாகாது. சட்டம் அளித்த உரிமையைக் கேட்பதாகும். தேவையானால் மருத்துவரிடம் எழுத்து வடிவில் பரிந்துரை பெற்றுக்கொள்ளலாம்.

எப்படி அறிவது?

திருவெலும்பு மூட்டு வலி பெரும்பாலும் இடுப்புப் பட்டைக் கோட்டுக்குக் கீழே, ஒருபுறமாக இருக்கும். வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், நோயாளி உள்ளங்கையால் முதுகு முழுவதையும் தடவாமல், பிட்டத்தின் மேற்புறத்தில் உள்ள எலும்பு மேட்டின் அருகே ஒரே விரலால் சுட்டிக்காட்டுவார். பிட்டம், தொடையின் பின்புறம், சிலருக்குக் கவட்டை ஆகிய இடங்களுக்கும் வலி பரவலாம். முழங்காலுக்குக் கீழே இறங்குவது குறைவு.

நாற்காலியிலிருந்து எழும்போதும், படுக்கையில் புரளும்போதும், படியேறும்போதும், ஆட்டோவில் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்து ஏறும்போதும், வேகத்தடையில் வண்டி குலுங்கும்போதும் 'சுருக்' என்று குத்தும். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டுகளில் ஏறும்போது வலிக்கிறது, சமதரையில் நடந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்று ஒருவர் கூறினால், அது மருத்துவருக்குப் பயனுள்ள குறிப்பு.

மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, இடுப்பெலும்பை வெவ்வேறு திசைகளில் அழுத்தியும், தொடையை மடக்கி உந்தியும் சில சோதனைகள் செய்வார். ஒரு சோதனையில் மட்டும் வலி வருவதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளில், உங்களுக்குப் பழக்கமான அதே வலி தோன்றினால், இம்மூட்டின் மீது ஐயம் வலுப்பெறும். எக்ஸ்-ரேயும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்வதற்கே உதவுகின்றன. ஐயம் தீராதபோது, ஊடுகதிர்ப் படத்தின் துணையுடன் மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்தி, வலி குறைகிறதா என்று பார்ப்பதுண்டு.

தவறவிடக் கூடாத மூன்று நோய்கள்

*முதலாவது, தண்டுவட மூட்டழற்சி.* 45 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு, குறிப்பாக இளைஞருக்கு, மூன்று மாதங்களுக்கு மேல் பிட்டத்திலும் கீழ்முதுகிலும் வலி இருக்கிறது. பின்னிரவில் விழிப்பு வருமளவு வலிக்கிறது. காலையில் அரைமணி நேரத்துக்கும் மேலாக விறைப்பு நீடிக்கிறது. ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது. வலி ஒருமுறை வலப்பிட்டத்திலும் மறுமுறை இடப்பிட்டத்திலும் மாறி வருகிறது. இவை அனைத்தும் சாதாரண முதுகுவலியின் இயல்புக்கு நேர்மாறானவை. இவற்றுடன் கண் சிவந்து வலித்தல், சொரியாசிஸ், நீடித்த வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் இந்நோய் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மூட்டுவாத மருத்துவரை அணுகுவதில் தாமதம் கூடாது. தொடக்கத்தில் எக்ஸ்-ரே இயல்பாகவே தோன்றலாம், எம்.ஆர்.ஐ.யும் எச்.எல்.ஏ.-பி27 என்னும் இரத்தப் பரிசோதனையும் துணைபுரியும். இந்நோய் பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போவதுண்டு. அதற்குள் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு வளையாமல் இறுகிவிடக்கூடும். உரிய காலத்தில் மருந்தும் உடற்பயிற்சியும் தொடங்கினால், படிப்பையும் பணியையும் குறைவின்றித் தொடரலாம்.

*இரண்டாவது, காசநோய்.* நம் நாட்டில் காசநோய் நுரையீரலை மட்டுமன்றி எலும்பையும் மூட்டையும் தாக்குகிறது. ஒருபுறத் திருவெலும்பு மூட்டில் வலி நாளுக்கு நாள் கூடி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, இரவு வியர்வை ஆகியவையும் சேர்ந்தால் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று பொருளன்று. நோயாளியை மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஒதுக்கி வைக்காமல், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என உலகுக்குக் காட்டிய ஆய்வுகளுள் முதன்மையானது, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தில் நடந்ததாகும். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது விளங்குகிறது. காசநோய் மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன.

தண்டுவட மூட்டழற்சிக்குத் தரப்படும் சில உயிரியல் மருந்துகள், உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடும். ஆகவே, அம்மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்யப்படுகிறது. 'முதுகுவலிக்கு ஏன் மார்பு எக்ஸ்-ரே?' என்ற கேள்விக்கு இதுவே விடை.

*மூன்றாவது, திருவெலும்பில் நுண்முறிவு.* எலும்பு மெலிவுற்ற மூத்த பெண்களுக்கு, பெரிய அடி ஏதுமின்றியே, திடீரென்று நடக்க முடியாத அளவு பிட்டத்தில் வலி வரலாம். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர்களுக்கும் இது நேரக்கூடும். சாதாரண எக்ஸ்-ரேயில் இம்முறிவு தெரியாமல் போவது இயல்பு.

இவையன்றி, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால், அது நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். மறுநாள் வரை காத்திராமல், 108 அவசர ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சிகிச்சை படிப்படியாக

தீவிர நோய் ஏதுமில்லை என்று உறுதியான பின், சிகிச்சையின் முதற்படி நோயாளியின் கையிலேயே உள்ளது. வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள்கள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தே இருந்தால் தசைகள் தளர்ந்து வலி நீடிக்கும். வெந்நீர் ஒத்தடமோ பனிக்கட்டி ஒத்தடமோ, எது இதமளிக்கிறதோ அதனை 15 நிமிடம் கொடுக்கலாம். நீரிழிவால் தோலுணர்வு குன்றியவர்கள் சூட்டைப் பிறரைக் கொண்டு சோதித்த பின்னரே ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கலாம். இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். சிறுநீரக நோய், இதய நோய், குடற்புண் உள்ளோரும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்போரும், கருவுற்றோரும் தாமாக இவற்றை உண்ணவே கூடாது.

இடுப்புவளையப் பட்டி சிலருக்கு, குறிப்பாகக் கருவுற்றோருக்கும் அண்மையில் பிள்ளை பெற்றோருக்கும், நல்ல பலன் தரும். முதுகுவலிக்கு அணியும் அகன்ற பெல்ட் வேறு, இது வேறு. இதனை இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே, தொடையெலும்பின் வெளிப்புற மேட்டுக்கு மேலே, இறுக்கமின்றிப் பொருந்தக் கட்ட வேண்டும். நடக்கும்போது அணிந்து, படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

சிகிச்சையின் அச்சாணி உடற்பயிற்சியே. இயன்முறை மருத்துவர் உங்கள் நிலைக்கேற்பப் பயிற்சிகளைத் தெரிவு செய்வார். பொதுவாகக் கற்பிக்கப்படுபவை மூன்று.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி வைத்திருத்தல்.

அதே நிலையில் பிட்டத் தசைகளை இறுக்கி, இடுப்பை மெதுவாக உயர்த்தி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குதல்.

ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்தே வைத்து, மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போல விரித்து மூடுதல்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்யத் தொடங்கலாம். பயிற்சியின்போது சிறிது இழுப்பு தெரிவது இயல்பு. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள், பயிற்சியையே விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

இவ்வளவும் செய்து பலன் இல்லையெனில், மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி, பின்னர் வலியைக் கடத்தும் நுண்நரம்புகளை வெப்ப அலையால் செயலிழக்கச் செய்தல் ஆகிய வழிகள் உள்ளன. ஊசிக்குப் பின் நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரும்; அந்நாள்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். மூட்டை இணைக்கும் அறுவைச் சிகிச்சை மிகச் சிலருக்கே, இறுதி வழியாகவே கருதப்படுகிறது.

அன்றாட வாழ்வில்

இம்மூட்டுக்குப் பகை, இரு கால்களும் வெவ்வேறாகச் சுமையேற்கும் நிலைகள். இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் பலவற்றை நீங்களே சீர்செய்துகொள்ளலாம்.

காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, பின் இரு முழங்கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். படியேறும்போது கைப்பிடியைப் பற்றி, வலியற்ற காலை முதலில் வையுங்கள்; இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வையுங்கள். பேண்ட், புடவைப் பாவாடை போன்றவற்றை ஒற்றைக்காலில் நின்று அணியாமல் அமர்ந்து அணியுங்கள். பின்பைப் பணப்பையின் மேல் உட்காராதீர்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே தலையணை வையுங்கள். குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துச் சுமக்காதீர்கள்.

மார்கழியில் குனிந்தே பெரிய கோலம் போடுவதை விடுத்து, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து சிறிய கோலம் போடலாம். சபைக் கச்சேரிக்குச் செல்வோர் ஓர இருக்கையைத் தேர்ந்து, இடையிடையே எழுந்து நிற்கலாம். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா காணச் செல்வோர், மாடவீதியில் நெடுநேரம் நிற்பதற்கு மாற்றாக, மடக்கு நாற்காலியுடன் ஓரிடத்தில் அமர்ந்து தரிசிக்கலாம். நடைப்பயிற்சிக்கு எலியட்ஸ் கடற்கரையின் மணலைவிட, நாகேஸ்வரராவ் பூங்காவிலோ பனகல் பூங்காவிலோ உள்ள சமமான நடைபாதை ஏற்றது. மணலில் கால் புதையும்போது இடுப்பு இருபுறமும் சாய்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்வதால் வலி கூடினால், குணமாகும்வரை நாற்காலியைப் பயன்படுத்துங்கள்.

துணைநிற்போருக்கு

இவ்வலி வெளியே தெரியாது. வீக்கமில்லை, காயமில்லை, பல வேளைகளில் படத்திலும் ஒன்றுமில்லை. அதனால் 'நடிக்கிறார்', 'சோம்பல்' என்ற சொற்கள் எளிதில் எழுகின்றன. அச்சொற்கள் வலியைக் கூட்டும். மருத்துவரை நாடுவதையும் தள்ளிப்போடச் செய்யும். மறுபுறம், அன்பின் மிகுதியால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு படுக்க வைப்பதும் நன்மை தராது. பாரமான வாளியைத் தூக்குவது, மெத்தையைப் புரட்டுவது போன்றவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நடையையும் சிறு வேலைகளையும் அவரிடமே விடுங்கள். பயிற்சி நேரத்தில் பத்து நிமிடம் உடனிருங்கள்.

வெளியே வர இயலாத நோயாளிகளுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவம் இல்லத்திலேயே கிடைக்கும். கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் இச்சிகிச்சை உண்டு.

மருத்துவரைக் காண வரும்போது ஒரு தாளில் இவற்றைக் குறித்து வாருங்கள்: வலி எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், எந்த அசைவில் கூடுகிறது, காலை விறைப்பு எத்தனை நிமிடம், காய்ச்சலோ எடைக்குறைவோ உண்டா, இதுவரை உண்ட மருந்துகள் எவை. பழைய படங்களையும் அறிக்கைகளையும் மறவாமல் எடுத்து வாருங்கள். நோயைச் சரியாக இனங்காண்பதில் பாதிப் பணியை அந்த ஒரு தாளே முடித்துவிடும்.